காதர் பாய் வீட்டுப் பெயர்ப்பலகை

1. ‘தெரியும் சார்’

விருத்தாசலத்தில் பீங்கான் பெயர்ப்பலகை செய்யும் கம்பெனியில் நான் டிசைனராகச் சேர்ந்தது ஒரு பொய்யைச் சொல்லித்தான். “ஃபோட்டோஷாப் தெரியுமாம்மா?” என்று முதலாளி கேட்டார். “தெரியும் சார்” என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கோட்டு மாட்டிவிடுவதும் பின்னால் வெள்ளை அடிப்பதும்தான். பாதி தாலுகாவுக்கு நான் கோட்டு போட்டுவிட்டிருக்கிறேன்.

“மொத ஆர்டர் சரியா வரலன்னா பழையபடி ஸ்டூடியோவுக்கே போயிடணும்” என்றார். போவதற்கு ஸ்டூடியோ இல்லை. மூடி மொபைல் கடை ஆக்கிவிட்டார்கள். அதை நான் சொல்லவில்லை.

2. ஏழு ஃபாண்ட்

அந்த முதல் ஆர்டர் காதர் பாயுடையது. துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, சேத்தியாத்தோப்பில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். புது வீடு கட்டி, குடிபோகும் நாள் குறித்தாகிவிட்டது. வாசல் கேட் தூணில் பலகை பதிக்க, பதினைந்துக்குப் பத்து அங்குலத்தில் பள்ளம் விட்டிருந்தார்கள்.

“அந்தப் பள்ளம் ரொம்பணும்மா. ஒரு வெரல் எடங்கூட சும்மா கெடக்கக் கூடாது. எடம் வாங்க நா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்” என்றார்.

பிறகு ஒரு தாளை நீட்டினார். ‘நூர் மன்ஸில்’ என்ற வீட்டுப் பெயர், அவர் பெயர், மனைவி பெயர், மூன்று மகன்களின் பெயர், மூவரின் படிப்பு, கதவு எண், கடைசியில் ‘காலிங் பெல் இடது பக்கம் உள்ளது’.

எனக்கோ கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபாண்டையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஏழு ஃபாண்ட் போட்டேன். ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று, சண்டை வராது பாருங்கள். எல்லாமே போல்டு. எல்லாவற்றுக்கும் ஷேடோ. சுற்றிலும் திராட்சைக் கொடி. திரையில் ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்த்தேன். பாயும் பார்த்து “மாஷா அல்லா” என்றார்.

எங்கள் பலகையில் எழுத்தை ஈர மண்ணில் அச்சால் பதிப்போம். காய்ந்ததும் நிறம் கொடுத்து, பளபளப்புக்குக் கிளேஸ் பூசி, சூளையில் வேக வைப்போம். கிளேஸ் உருகும்போது இண்டு இடுக்கு கண்டால் விடாது. என் தடித்த எழுத்துகளின் சுழிகளுக்குள் எல்லாம் ஓடி அடைத்துக்கொண்டது. மூத்த மகனின் படிப்பு இளையவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முதலாளி பலகையை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார்.

“இதுல எதும்மா மேல்பக்கம்?”

எனக்கே ஒரு நிமிடம் தெரியவில்லை. திராட்சையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

“வெள்ளிக்கிழம அவுங்க குடிபோறாங்க. நடுவுல ஒரே ஒரு சூளதான் இருக்குது. அதுலயும் கெட்டுச்சுன்னா நீ கெளம்பிக்கிட்டே இரும்மா” என்றார்.

3. யாரை எடுப்பது?

பாய்க்கு போன் போட்டேன். பாதியை எடுத்தால்தான் மீதி தெரியும் என்றேன்.

“யார எடுக்கச் சொல்ற? பெத்த புள்ளைங்கள எடுக்கவா?”

“எடுக்கலன்னா யாரு பேரும் தெரியாது பாய். இப்ப ஒங்க பேரே தெரியல.”

அவர் பெயரே தெரியவில்லை என்றதுதான் உறைத்திருக்க வேண்டும். “சரி, மன்ஸில்னா வீடுதானே, பசங்கள்லாம் அதுக்குள்ள இருக்காங்கன்னு வெச்சுக்கறேன். காலிங் பெல்லாவது இருக்கட்டுமே?” என்று கெஞ்சினார். அதையும் எடுத்தேன்.

வீட்டுப் பெயர் பெரிதாக, கணவன் மனைவி பெயரும் கதவு எண்ணும் சிறிதாக, ஒரே ஃபாண்ட். வரிக்கு வரி காற்றோட்டமாக இடைவெளி. வியாழன் காலை சூளை திறந்தபோது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் பளிச்சென்று நின்றது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அதே பலகையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறினேன்.

4. அப்பன் சட்டை

கொத்தனார் ஏழுமலை பலகையைப் பள்ளத்தில் வைத்தார். நாலு பக்கமும் விரல் நுழையும் சந்து.

மண் வெந்தால் சுருங்கும். அதற்காக அச்சைப் பெரிதாகப் போட வேண்டும். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மண் நினைவே வரவில்லை. முதல் பலகையும் சுருங்கித்தான் இருந்திருக்கும். அதன் எழுத்தைப் பார்த்த அதிர்ச்சியில் ஒருவரும் அதை அளக்கவில்லை.

“கொழந்தைக்கு அப்பன் சட்டைய மாட்டி வுட்டாப்ல இருக்குதும்மா” என்றார் ஏழுமலை.

முதலாளிக்கு போன் செய்தேன். “நீ அப்படியே வூட்டுக்குப் போயிடு” என்று வைத்துவிட்டார். வேலையை விடுங்கள், நாளைக்கு ஊரே கூடி நிற்கும்போது பாய் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை நினைவுக்கு வந்தது. முகத்தைச் சுற்றி வெள்ளை இருந்தால்தான் பாஸ்போர்ட் போட்டோவில் முகம் எடுப்பாக இருக்கும்.

“அண்ணே, ஒயிட் சிமென்ட் இருக்குதா? பலகைய நடுவுல வெச்சு, சந்து பூரா வெள்ளையா பூசிடுங்க.”

பூசினார். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். ‘நூர் மன்ஸில்’ அங்கிருந்தே தெரிந்தது.

5. பாய் படித்தது

வெள்ளிக்கிழமை வந்தவர்களெல்லாம் தூண் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். “சுத்தியும் எடம் வுடச் சொன்னதே நாந்தான்” என்று பாய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அடுத்த வாரமே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து இருவர் ‘பாய் வூட்டுல இருக்கறாப்ல’ வேண்டும் என்று வந்தார்கள். முதலாளி என்னைப் போகச் சொன்னதை மறந்துவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை.

இன்று டிசைன் செக்‌ஷனே என் பொறுப்பில் இருக்கிறது. அந்த முதல் பலகையை என் மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களைப் படிக்கச் சொல்வேன். இதுவரை ஒருவரும் படித்ததில்லை.

ஒரே ஒருவர் படித்தார். ஒருநாள் தன் ஹார்டுவேர் கடைக்குப் பலகை ஆர்டர் கொடுக்க வந்த காதர் பாய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, மூன்று மகன்களையும் அவர்கள் படிப்பையும் காலிங் பெல்லையும் கடகடவென்று ஒப்பித்தார்.

“நல்லாத்தானம்மா இருக்குது? எல்லாம் தெளிவா தெரியுதே!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குத் திரையில் ஒரு எழுத்து விடாமல் நான் படித்ததும் இப்படித்தான். பெயர் தெரிந்தவருக்குப் பலகையே தேவையில்லை. அதனால் இப்போதெல்லாம் எந்த டிசைனையும் முடித்ததும், அந்தக் குடும்பத்தைத் தெரியாத யாரையாவது கூப்பிட்டு, எட்ட நிற்க வைத்துப் படிக்கச் சொல்கிறேன். அவர் படித்தால்தான் பலகை சூளைக்குப் போகும்.