கழுத்தில் ஒரு கருங்கோடு

உப்புத்தாள் போட்டு முடித்த மரக்குமிழைக் கன்னத்தில் வைத்து மெல்ல உருட்டுகிறார், மரம் கடைவதால் ஊர் 'பெரிய கடைசல்' என்று கூப்பிடும் மனிதர். கண் இரண்டும் மூடியிருக்கின்றன. "காய்ச்சுப் போன கைக்கு என்ன தெரியும்? கன்னம்தான் சொல்லணும்" என்பார். வழவழப்பு போதாவிட்டால் குமிழ் மறுபடி லேத்தில் ஏறும். சாப்பிட உட்காரும்போதும் கன்னத்தில் மரத்தூள் அப்பியிருக்கும். "பவுடர் போட்டாச்சா?" என்பாள் மனைவி.

கட்டிலுக்குக் குமிழ், மாடிப்படித் தூணுக்கு மொட்டு, திரைச்சீலைக் கம்புக்கு முனை என்று அலங்காரக் கடைசல் மட்டும்தான் செய்வார். மண்வெட்டிக் காம்பு கேட்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். லேத் ஓடும்போது வாயைத் திறக்க மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் அது நின்ற பிறகுதான் வரும். அதற்குள் கேட்டவர் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

பெரிய கடைசல் என்றால் சின்னக் கடைசல் ஒருவர் இருக்க வேண்டுமே. இருந்தான், கூடப் பிறந்த தம்பி. மின்சாரம் வராத காலத்தில் இதே பட்டறையில் லேத்தைச் சுழற்ற ஒருவர் கயிறு இழுக்க, ஒருவர் உளி பிடிக்க வளர்ந்தவர்கள். தம்பிக்கு ஒரு பித்து. சுழலும் குமிழின் கழுத்தில் மெல்லிய கம்பியை அழுத்திப் பிடிப்பான். புகை கிளம்பி, மயிரிழை மாதிரி ஒரு கருங்கோடு விழும். அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. ஒருநாள் வாடிக்கையாளர் முன்னாலேயே, "மரத்தைச் சுட்டு வெச்சிருக்கான் பாருங்க" என்று கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டார். கம்பியைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவன்தான். ஊரின் மறுகோடியில் தனிப் பட்டறை போட்டான். அண்ணனுக்குத் தலை நரைத்தும் பேச்சுவார்த்தை இல்லை.

போன வாரம் ஒரு டீச்சர், வெடித்துப்போன குமிழோடு வந்தார். "அப்பா கட்டின வீடு. மாடிப்படியில இது ஒண்ணு மட்டும் போயிடுச்சு. மத்த மூணு மாதிரியே வேணும்" என்றார். குமிழின் கழுத்தில் கருங்கோடு. பெரிய கடைசல் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உருவம் அச்சு அசலாக வந்துவிட்டது. கோடுதான் வசப்படவில்லை. ஒன்று பட்டையாகக் கருகியது. இன்னொன்றில் கம்பியே அறுந்துபோனது. பட்டறை முழுக்கக் கருகல் வாசனை. இத்தனை காலம் ஆகாத அந்த வாசனையை அன்று மூச்சிழுத்து முகர்ந்தார். கயிற்றை இழுத்துக்கொண்டே வாய் ஓயாமல் கதை அளப்பானே, அந்தத் தம்பி இப்போது பக்கத்தில் நின்றால் தேவலை என்றிருந்தது.

"அவனுக்கு ஒரு போன் போடேன்" என்றார் மனைவியிடம்.

"உங்க தம்பி. நீங்களே பேசுங்க."

போனை வாங்கித் தொண்டையைச் செருமினார். நேற்றுத்தான் வேலை முடித்துப் பிரிந்தவர் போல, "கம்பியை எங்கடா வெச்சே?" என்றார்.

மறுமுனையில் லேத் ஓடும் சத்தம் நின்றது. பிறகு, "என்கிட்டதான்ணே இருக்கு."

காலையில் வந்தான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக லேத்தடிக்குப் போனான். அண்ணன் கடைந்து வைத்த குமிழை மாட்டி, ஓடவிட்டுக் கம்பியை இழுத்துப் பிடித்தான். இழையாய்ப் புகை எழுந்து அடங்கியது. சூடு ஆறாத குமிழைக் கழற்றியவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. திரும்பி, அண்ணன் கன்னத்தில் வைத்து உருட்டினான்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.