பதினாலு பாட ஸ்பானிஷ்

எழுபதுகளின் பின்பாதி. சென்னையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்து மாலை வகுப்பில் ஜெர்மனுக்கு இடம் கிடைக்காத கடுப்பில் ஸ்பானிஷில் போய்ச் சேர்ந்தேன். முதல் புத்தகத்தில் பதினாலு பாடம் ஆகியிருந்தது. மணி கேட்பேன், ஆரஞ்சு வாங்குவேன், வீட்டை வர்ணிப்பேன். அவ்வளவுதான். அப்பாவோ மகள் ஸ்பானிஷ் பேசுவாள் என்று தூத்துக்குடி முழுக்கத் தம்பட்டம் அடித்துவைத்திருந்தார்.

அவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. பொங்கல் லீவுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு மத்தியானம், மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார்.

"ஏளா, சீக்கிரம் கிளம்பு. கப்பல்காரப் பய ஒருத்தன் ஆஸ்பத்திரில கெடக்கான். ஸ்பானிஷ் தவிர ஒண்ணும் தெரியல. நீதான் சொல்லணும்."

சொல்லவேண்டியது என்னவென்று செருப்பை மாட்டும்போதுதான் கேட்டேன். முந்தின நாள் குடல்வால் ஆபரேஷன் ஆனவன். அவனை விட்டுவிட்டு நாலு மணிக்குக் கப்பல் கிளம்புகிறது. அதை நேரில் வந்து சொல்லக் கப்பலில் ஒருவருக்கும் மனசில்லை. அவன் துணிப்பையை மட்டும் ஆபீசில் கொடுத்துவிட்டார்கள்; அதை அப்பா கையோடு எடுத்துவந்திருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனுக்கு என் வயசுதான் இருக்கும். நான் ஸ்பானிஷில் வணக்கம் சொன்னதுமே முகம் மலர்ந்துவிட்டது. மடைதிறந்தாற்போல் பேசினான். எனக்குப் பிடிபட்டது மூன்றோ நாலோ வார்த்தை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு, வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"கப்பல் இன்று போகிறது. நீ போகவில்லை."

ஸ்பானிஷில் நான் பிழையில்லாமல் பேசிய முதல் பேச்சு அதுதான். அவன் அப்படியே அடங்கிப்போனான். அப்பா நர்சிடம், "பாத்தீளா சிஸ்டர், எப்படிப் பேசுதா!" என்றார். எனக்கு அவர் வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது.

"ஒரு வாரத்துல ஏரோப்ளேன்ல ஏத்திவிட்டுருவோம், வேலை ஒண்ணும் போவாது, கேப்டனே சொல்லிட்டாருன்னு சொல்லு."

ஆறுதல் சொல்லும் பாடத்துக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. "டாக்டர் நல்லவர்," என்றேன். "விமானம் இருக்கிறது," என்றேன். அவன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். என்ன கேட்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனை நோகடிக்கப் போதுமான ஸ்பானிஷ் இருந்தது, தேற்ற இல்லை.

நாலு மணிக்குத் துறைமுகப் பக்கமிருந்து சங்கு ஊதியது. அவன் எழப் பார்த்தான். நர்ஸ் தோளைப் பிடித்து அமுக்கினாள். அவன் என்னையே பார்த்தான். எதையாவது பேசியாகவேண்டும். தெரிந்த பாடத்தை எடுத்தேன்.

"உனக்குச் சகோதரிகள் எத்தனை பேர்?"

விழித்தான். பிறகு மூன்று விரலைக் காட்டினான்.

"உன் வீடு பெரியதா, சிறியதா?"

"சிறியது."

"அம்மா என்ன செய்கிறாள்?"

எங்கள் புத்தகத்து அம்மா எப்போதும் சூப் வைத்துக்கொண்டிருப்பாள். அவன் துணிப்பையைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னான். பஸ் நிறுத்தப் பாடத்தில் படித்த வார்த்தைதான். காத்திருக்கிறாள்.

"என்னளா சொல்லுதான்?" என்றார் அப்பா.

அதைத் தமிழில் சொல்லாமல், துணிப்பையை எடுத்து அவன் கையருகே வைத்தேன்.