குரங்குச் சண்டையும் டிவி சத்தமும்

குரங்குகள் எப்படி இணைசேர்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. இதற்கும் சம்பளமா என்று எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சிரிப்பார்கள். நேரில் பார்த்தால் சிரிப்பு வராது. ஓப்பநாயக்கப் பக்கம், எங்கள் தேயிலை மலைக்கு மேலே உள்ள காட்டில், வேறொரு ஆணோடு ஒதுங்கிய பெட்டையைக் கூட்டத்தின் பெரிய கடுவன் பிடித்துக் கழுத்தைக் கடித்துப் பாறையில் இழுத்தது. அவள் காது கிழிந்து தொங்கியது. என்ன நடந்தாலும் ஆராய்ச்சி செய்கிற நாங்கள் குறுக்கே போகக் கூடாது, கல்லெறியக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு வீடியோ எடுத்தேன். அவள் போட்ட கூச்சலில் அவளுடைய சொந்தக்காரப் பெட்டைகள் மரங்களிலிருந்து இறங்கி, கடுவனைச் சூழ்ந்து கடித்து விரட்டின.

அந்த வீடியோவை, நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டில் காட்டினேன். மச்சான் பாதியிலேயே போனைத் திருப்பித் தந்தார்.

"பாத்தியா, நாலு போட்டாத்தான் அடங்கும். ஒன் படிப்பே சொல்லுதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மிச்சத்தயும் பாருங்க மச்சான்," என்றேன். அவர் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அக்கா கணக்கப்பிள்ளையோடு சிரித்துப் பேசினாளாம் என்று மச்சான் காலையிலேயே ஆரம்பித்தார். அக்காவின் முடியைப் பிடித்து, தேங்காய் உடைப்பதுபோல் தலையைச் சுவரில் மோதினான். அதற்குமேல் அவனுக்கு மரியாதை கொடுக்க என்னால் முடியவில்லை. தடுக்கப் போன என்னை அடுப்பின்மேல் தள்ளினான். கத்தினேன். உடனே பக்கத்து வீட்டு டிவியில் சத்தம் கூடியது. அடுத்த வீட்டிலும் கூடியது. எங்கள் லயத்து வழக்கம் அது. புருசன் பெண்சாதி விசயத்தில் தலையிட மாட்டார்கள், சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள்.

தேயிலைச் செடி வெட்ட, சுவரில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை அவன் உருவினான். அக்கா செத்துவிடுவாள் என்று தெரிந்தது.

எங்கள் லயம் முழுவதற்கும் ஒரே மெயின் சுவிட்ச், முதல் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஓடிப்போய் அதை இழுத்துவிட்டேன். எல்லா டிவியும் செத்தன. அந்த அமைதியில் அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"கொல்றானே, யாராச்சும் வாங்களே."

கேட்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டு அக்கா விறகுக்கட்டையோடு முதலில் நுழைந்து அவன் மணிக்கட்டில் போட்டாள். கத்தி விழுந்தது. பெண்கள் அவனை வாசலுக்கு இழுத்து அடித்தார்கள். வாசலோரச் சாக்கடைக் கானில் விழுந்து அவன் நெற்றி பிளந்தது. நானும் மிதித்தேன், நன்றாகவே மிதித்தேன். அவன் எழுந்து பெல்மதுளை ரோட்டுப் பக்கம் ஓடினான்.

வெகுநேரம் யாரும் சுவிட்சைப் போடப் போகவில்லை. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, ரத்தம் வழியும் காதைத் துணியால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வந்தா என்னா செய்றது?"

பக்கத்து வீட்டு அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டையைக் கீழே வைத்தாள்.

"வரட்டும். இனி நாங்க சத்தத்தக் கூட்ட மாட்டோம்."