நான் தூக்கி எறிந்த மாத்திரைகள்

சபையாரே, உங்களை அழவைக்க நான் இங்கே நிற்கவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்ததை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். என் பெயர் ஜெமிமா. கோவளத்துப் பெண். படூரில் கல்லூரியில் படிக்கிறேன்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு எனக்குப் படிக்க வராமல் போனது. எழுத்தெல்லாம் தெரியும். ஒரு வரியின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுப்பது நான்தான். ஒரு வாரம் பாதி வசனத்தில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. செத்துப்போகலாம் என்று தோன்றியது. அதை அம்மாவிடம் சொல்லியும் விட்டேன்.

“இன்னாடி இப்டி பேசுற? நல்லாத்தான இருந்த?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் ‘நல்லா இருந்த’ கதை உங்களுக்கே தெரியும். அதற்கு முந்தின மாதங்களில் எனக்குத் தூக்கமே கிடையாது. உபவாசம் இருந்தேன், விடாமல் பேசினேன், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்கெல்லாம் தீர்க்கதரிசனம் சொன்னேன். நீங்கள் அதை அபிஷேகம் என்றீர்கள். அம்மா கூட்டிப்போன செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டர் பைபோலார் என்றார். அந்த நோயில் மனம் ஒரேயடியாக எகிறும், பிறகு அதலபாதாளத்தில் விழும். மாத்திரை சாப்பிட்டுக் கொஞ்சம் அடங்கியிருந்தபோது நம் சுகமளிக்கும் கூட்டம் வந்தது. சுகம் பெற்றவர்கள் மாத்திரையை மேடையில் எறிவது நம் வழக்கம். நானும் எறிந்தேன். எல்லாரும் கைதட்டினீர்கள். பாஸ்டர் ஐயா ஆனந்தக் கண்ணீரே விட்டார். அதன் பிறகு இன்னும் உயரமாக எகிறி, அந்த உயரத்திலிருந்துதான் விழுந்தேன்.

படுக்கையில் நீளமாக ஜெபிக்கவும் முடியவில்லை. “ஆண்டவரே, என் புத்தியைத் திருப்பிக் கொடும்.” அவ்வளவுதான். சில சமயம் அதையும் பாதியில் மறந்தேன்.

ஒரு மத்தியானம் பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்து ஜெபித்தார். அம்மா சோறும் மீன் குழம்பும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் ஐயா பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்தார். கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லி விழுங்கினார். பல நாளாகப் பேசாத என் வாய் தானாகத் திறந்தது.

“ஐயா, இது விசுவாசக் குறைச்சல் இல்லியா?”

அம்மா பதறிப்போனாள். “ஏய், இன்னா பேசிகினு கீற? ஐயா, மன்னிச்சுக்கோங்க ஐயா.”

ஐயாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. “அவ கேக்கலம்மா. ஆண்டவர் என்னைக் கேக்குறாரு. நாளைக்கு டாக்டராண்ட போலாம். நானும் வரேன்.”

மறுநாள் மூன்று பேரும் கேளம்பாக்கத்தில் பஸ் மாறிச் செங்கல்பட்டு போனோம். என் மூளை கெட்டுவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன்.

“கெடலம்மா. இந்த நோய் இருக்குற சின்ன வயசுப் பசங்க மூளையைப் படம் எடுத்துப் பார்த்திருக்காங்க. உணர்ச்சியைக் கிளப்புற இடம் அதிகமா வேலை செய்யுது. அதை அடக்கிக் கவனத்தை நிறுத்துற இடம் பலருக்குத் தடுமாறுது. அதனாலதான் படிச்சது நிக்கல. நீ சோம்பேறியும் இல்ல, பாவமும் பண்ணல.”

அதைக் கேட்டு அம்மா அங்கேயே ஓவென்று அழுதாள். தன் பாவம்தான் மகளைப் பிடித்தது என்று அவள் அதுவரை நம்பியிருக்கிறாள், பாவம்.

சுகம் ஒரே நாளில் வரவில்லை. மாத்திரை, நேரத்துக்குத் தூக்கம், மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. பாடம் இன்றும் மெதுவாகத்தான் ஏறுகிறது, அரியரும் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்தால் வாழவேண்டும் என்று இருக்கிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அது டாக்டர் கையால் வந்தது என்பதற்காக ஆண்டவர் தரவில்லை என்று சொல்லமாட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கலாம். ஊர் என்ன சொல்லும் என்று மறைக்காதீர்கள். முழங்காலில் நின்று கேளுங்கள். எழுந்து டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நான் கூட வருகிறேன்.