மெகிலின் அக்கா அடித்த ஒற்றை மணி

மெகிலின் அக்காவின் கடவுச்சீட்டில் முத்திரை குத்த இனி இடமில்லை. புத்தகயா, லும்பினி, ரங்கூனின் தங்கக் கோபுரம், ஜாவாவின் போரோபுதூர் என்று, தையல் மெஷின் மிதித்துச் சம்பாதித்ததையெல்லாம் கும்பிட்டே செலவழித்தவள். ஆனால் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே நிற்கிற, புத்தரின் பாதம் பதிந்ததென்று ஊரே ஏறிக் கும்பிடும் ஸ்ரீபாத மலையில் மட்டும் அறுபத்திரண்டு வயது வரை கால் வைத்ததில்லை.

பக்திக் குறைவல்ல, தொழில்தான் காரணம். மலையேறும் மாதங்களில்தான் ஊர் முழுவதற்கும் வெள்ளை உடை தேவைப்படும். அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நாங்கள் புண்ணியம் தேடிப் போவோம். அவள் பொத்தானுக்குத் துளை தைத்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் யாத்திரைக் கூட்டத்துக்குத் தலைவர் விமலசூரிய. தலைவரை நாங்கள் நடைகுரு என்போம். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து முறை மலையேறியவர். இதை நான் சொல்லவில்லை, அவர் சொல்வார். பேக்கரியில் பாண் வாங்கப் போன இடத்திலும் சொல்வார்.

இந்த வருடம் புத்தகயா போகும் கூட்டத்துக்கு யார் நடைகுரு என்ற பேச்சு விகாரையில் வந்தது. அந்தப் பக்கமெல்லாம் பழகியவள், மெகிலினே கூட்டிப் போகட்டும் என்றார் பெரிய பிக்கு. விமலசூரிய எழுந்துவிட்டார்.

"மன்னிக்கணும் சாமி. ஸ்ரீபாதம் ஏறாதவ புதுக்கால். புதுக்கால் சொல்லுக்கு நாங்க நடக்கிறதா?"

"ரங்கூன் வரைக்கும் போய் வந்த காலுண்ணே இது."

"பிளேன்ல போனா புண்ணியம் பைலட்டுக்குத்தான், தங்கச்சி."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல கிண்டலுக்குக் கட்சி பார்க்க முடியாது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த மாசமே ஏறறேன். உச்சியில மணி அடிச்சுட்டா நான்தான் நடைகுரு. சம்மதமா?"

"அடி பார்ப்போம்," என்றார் விமலசூரிய.

உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனை முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். கூட்டி அடிக்கக் கூடாது. மலை சமன் தெய்வத்தின் வீடு, அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கிழடுகள் அதிகம் என்பதால் பகலில்தான் ஏறினோம். அக்கா முதல்முறை ஏறுகிறவர்களைப் போலத் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். நடைகுரு கடைசி ஆளுக்குப் பின்னால்தான் வர வேண்டும். கடைசி ஆள் அக்கா. நான் அவர்களுக்குச் சற்று முன்னால், காது மட்டும் பின்னால்.

இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மலை நீண்டுவிடும், கேட்கவே கூடாது. அக்கா கேட்கவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, அதன் பக்கத்தில் இன்னொரு காலைக் கொண்டுவந்து சேர்த்து, மூச்சு விட்டு, மறுபடி. மேலிருந்து இறங்கியவர்கள் "கருணை உண்டாகட்டும்" என்று வாழ்த்தியபோது கையை மட்டும் உயர்த்தினாள்.

பாதி வழியில் யாத்திரிகர் மடம்.

"உட்காரு தங்கச்சி. இதுவே பெரிய ஏற்றம்தான்," என்றார் விமலசூரிய. "நானும் துணைக்கு இருக்கேன். எத்தனை பேருக்கு இங்க துணை இருந்திருக்கேன் தெரியுமா?"

"நீங்க இருங்கண்ணே. நான் மெதுவா போறேன்."

தனியே விடலாமா? பாவம், அவரும் ஏறினார். அந்த மடத்தைத் தாண்டியபின் அவர் பேச்சு குறைந்துவிட்டது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சியில் எங்கள் கூட்டம் முழுவதும் மணியடியிலேயே நின்றிருந்தது. கும்பிட்டாயிற்று, தேநீரும் குடித்தாயிற்று. அக்கா வருவாளா மாட்டாளா என்று பார்க்காமல் எவரும் இறங்குவதாக இல்லை. அவள் தலைத்துணி கடைசிப் படிக்கு மேலே தெரிந்ததும் பெண்கள் குலவை இடாத குறை.

அக்கா கயிற்றைப் பிடித்தாள். கண்ணை மூடினாள். உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தாள்.

ஒரே ஒரு மணி. ரங்கூன் வரை கேட்டிருக்கும்.

"சாது! சாது! சாது!" என்று புண்ணிய கோஷம் போட்டது கூட்டம். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு மரியாதையாகக் கயிற்றை நீட்டினாள்.

"இப்ப நீங்க அடிங்கண்ணே."

விமலசூரிய கயிற்றைப் பார்த்தார். சமன் தெய்வத்தின் சந்நிதியைப் பார்த்தார். பொய் சொல்லக்கூடிய மனிதர்தான், ஆனால் அந்த இடத்தில் சொல்லக்கூடியவர் அல்ல. அடித்தார். மூன்றாவது மணி ஓய்ந்ததும் கயிற்றை விட்டுவிட்டார்.

"மிச்சம் எங்கண்ணே?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"மிச்சமெல்லாம் மடத்தோட சரி."

வருடா வருடம் சோர்ந்துபோன யாராவது ஒருவருக்கு அவர் துணை இருந்த கதை அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு மணி அடிக்க வேண்டிய வேறு சில அனுபவஸ்தர்களுக்கும் திடீரென்று தோள் வலி. யார் யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அக்கா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். மூச்சு வந்ததும் அதிகாரமும் வந்தது.

"புத்தகயா போறப்ப ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டா அங்கேயே விட்டுட்டு வந்துடுவேன். சோத்துக்குத் தொட்டுக்கச் சீனி சம்பல் ஆளுக்கு ஒரு போத்தல்தான். குளிருதுன்னு ஒருத்தரும் புலம்பக் கூடாது."

"நானும் வரலாமா, தங்கச்சி?" என்றார் விமலசூரிய.

"தாராளமா வாங்கண்ணே. ஆனா பாதியில உட்கார்ந்தா துணைக்கு ஆள் கிடையாது."

முதலில் சிரித்தவர் அவர்தான். புதிதாக ஏறி வந்த ஒரு குடும்பம், என்ன இவ்வளவு கொண்டாட்டம் என்று கேட்டது.

"எங்க நடைகுரு அம்மா," என்று அக்காவைக் கை நீட்டிக் காட்டினார் விமலசூரிய. "ஒதுங்கி நின்னு வழி விடுங்க."