கடைசி நிமிடக் கோல் யாருடையது?

போன சனிக்கிழமை என் மகள், நான் அவளுடைய அப்பாவே இல்லை என்பதுபோல் பத்தடி தள்ளிப்போய் நின்றாள்.

நான் செய்த குற்றம் என்ன? முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம், "ஐயா, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான்!

மதுஷா சுவிஸில் பிரெஞ்சு பேசும் நொஷாட்டல் நகரில் படிக்கிறாள். அவளுக்கு வீட்டில் பொரித்த ரோல்ஸ் ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். நாலைந்து கிழவர்கள் இரும்புப் பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் குறி தவறியது. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது பாருங்கள்... அச்சில் ஏற்ற முடியாத சொல். ஆனால் எனக்கு நன்றாகப் பழகிய சொல். பேர்ண் ஆஸ்பத்திரியில் என்னோடு கிளீனிங் வேலை செய்யும் ஸ்பெயின்காரன் பெப்பே, லிஃப்ட் வரக் கொஞ்சம் பிந்தினாலும் இதைத்தான் சொல்வான்.

கிழவர் ஸ்பெயின்காரர்! விடுவேனா? எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

"அப்பா, பிளீஸ்... இங்க ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை. அது ஆக்களின்ரை பிரைவசி."

"நீ பிரெஞ்சில கேட்டுச் சொல்லு பிள்ளை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

சுவிஸ்காரர் பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தாலும் இப்படிக் கேட்கமாட்டார். நாமோ பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டுவதற்குள் ஊர், தகப்பன் பெயர், பெண் எடுத்த இடம் வரை போய்விடுவோம். ஆனால் அன்று நான் கேட்டது வெறும் பழக்கத்தால் மட்டும் அல்ல. அதற்குப் பெப்பேயின் கதையைச் சொல்ல வேண்டும்.

அவனுடைய ஊர் ஸ்பெயினின் வடமேற்குக் கரையில் ஒரு சின்னப் பட்டினம். மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை, ஒரு தேவாலயம், ஒரு கால்பந்துக் கிளப். தொழிற்சாலைத் தொழிலாளிகள் தொடங்கிய கிளப் அது. மைதானம் கடலைப் பார்த்துச் சரிந்திருக்குமாம். கொஞ்சம் பலமாக அடித்தால் பந்து தண்ணீரில்! எடுத்து வருவதற்கென்றே ஒரு வள்ளம் கரையில் நிற்குமாம். அந்தக் கிளப்பின் வரலாற்றில் பெரிய நாள் என்றால் ஒன்றே ஒன்றுதான். அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர்க் கிளப்பைக் கடைசி நிமிடக் கோலால் வென்று மேல் டிவிஷனுக்குப் போனார்கள். அடுத்த வருடமே கீழே வந்துவிட்டார்கள் — அது வேறு கதை.

அந்தக் கோலைத் தலையால் முட்டி அடித்தவர் பெப்பேயின் அப்பா அந்தோனியோ. அடித்த அடுத்த கிழமையே கட்டட வேலைக்கு சுவிஸுக்கு, இதே பேர்ணுக்கு வந்துவிட்டார். பென்ஷன் எடுத்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினார்.

இப்போது கிளப்புக்கு நூறு வயது. விழா எடுத்து, வரலாற்றுப் புத்தகமும் போடுகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் அதன் பக்கங்கள் பெப்பேயின் போனுக்கு வந்தன. பார்த்தால்... அந்தக் கோலுக்கு நேரே வேறொருவர் பெயர்! அதே அணியில் ஆடி, ஊரிலேயே இருந்து, பிறகு கிளப்பின் தலைவராகவும் ஆகி, மரியாதையோடு கண்ணை மூடிய ஒருவர்.

பெப்பே விழா கமிட்டியோடு சண்டை பிடித்தான். "சாட்சி இருந்தால் கொண்டு வா. மாத முடிவுக்குள் வர வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த அணியில் இன்று உயிரோடு இருப்பவர் அந்தோனியோ மட்டும்தான். தன் வழக்குக்குத் தானே சாட்சி சொல்ல முடியுமா?

"விடு மோனே எண்டுதான் அப்பா சொல்லுறார்," என்றான் பெப்பே காப்பி இடைவேளையில். அவன் ஜெர்மனில் சொன்னதை நம் தமிழில் தருகிறேன். "ஆனா விழாவுக்குப் போகமாட்டாராம். சின்னனில எனக்கு அந்தக் கோலைத்தான் கதையாச் சொன்னவர். இனி ஊர்ச் சனம் அவரைப் புளுகன் எண்டெல்லோ நினைக்கப்போகுது."

ஐம்பத்தாறு வயது மனிதன்... கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மலர் வெளியிட்டது. அதில் எங்கள் கால்பந்து அணியின் படம். எல்லாருக்கும் பெயர் போட்டிருந்தார்கள். பின்வரிசையில் மூன்றாவதாக நிற்கும் சுருட்டை முடிக்காரனுக்கு மட்டும் "பெயர் தெரியவில்லை". அது நான்தான். அந்த முடி இப்போது இல்லை, சரி. பெயருமா இல்லை? ஊரில் நின்றவனுக்கு அடுத்தவன் அடித்த கோலும் சேர்ந்து வருகிறது. போனவனுக்குப் பெயர்கூட மிஞ்சுவதில்லை. ஊர் அதை வேண்டுமென்று செய்வதும் இல்லை. கண்முன் நடமாடுகிறவனைத்தான் அதற்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, ஏரிக்கரைக்கு வருவோம்.

மதுஷா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டாள். கிழவர் சிரித்தபடி ஊர்ப் பெயரைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெப்பே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் அதே பக்கத்து ஊர்!

"பிள்ளை, பந்து விளையாடினவரோ எண்டு கேள்."

விளையாடினாராம். கோல் கீப்பராம். பெயர் ரமோன்.

மகளின் ரோல்ஸ் பெட்டியைப் பறித்து அவரிடம் நீட்டினேன். பிறகு மகள் மூலம் அந்தக் கடைசி நிமிடக் கோலைப் பற்றிக் கேட்டேன். சிரிப்பு போய்விட்டது மனிதருக்கு.

"அதை ஆர் அடிச்சது எண்டு என்னட்டையே கேக்கிறீரோ? அந்தோனியோ! பேக்கரிக்காரன்ரை மகன். அடிச்சுப்போட்டு அடுத்த கிழமை இஞ்ச ஓடி வந்தவன். செத்தாலும் மறக்கமாட்டன்!"

பாருங்கள், கோல் அடித்தவரை அவர் ஊரே மறந்துவிட்டது. வாங்கியவர் மறக்கவில்லை! ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லாத தூரத்தில் இரண்டு பேரும் இந்த நாட்டில் எத்தனை வருடம் இருந்திருக்கிறார்கள். ஒருநாள்கூடச் சந்தித்ததில்லை.

அங்கேயே பெப்பேக்கு வீடியோ கால் போட்டேன். அவன் போனுக்குள் துள்ளினான். சாட்சிக் கடிதம் தரச் சம்மதம் என்றார் ரமோன். ஆனால்...

"ஒரு கண்டிஷன். அவன் தலையால அடிக்கேல்லை. கையால தட்டினவன். ரெஃபரி காணேல்லை. அதையும் புத்தகத்தில போடவேணும்."

பெப்பேயின் முகம் சுருங்கிவிட்டது. நான் மெல்ல, "பெயரை மட்டும் எழுதிக் குடுங்கோவன் ஐயா, கையை விடுங்கோ" என்று கெஞ்சிப் பார்த்தேன். மதுஷாவும் தன் பங்குக்குக் கெஞ்சினாள்.

"என்ரை ஊரில இண்டைக்கும் நான்தான் கோட்டை விட்டனான் எண்டு சொல்லுறாங்கள். எனக்கும் ஒரு பெயர் இருக்கெல்லோ?" என்றார் கிழவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அப்பாவைக் கேட்டுச் சொல்வதாகப் பெப்பே போனை வைத்தான். ஞாயிறு முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் அப்பாவைப் புளுகன் இல்லை என்று காட்டப்போய், கள்ளன் என்று காட்டிவிடுவோமோ?

திங்கட்கிழமை காலை உடுப்பு மாற்றும் அறையில் பெப்பே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சிரிக்கிறானா, அழுகிறானா... தெரியவில்லை.

"அப்பாட்டை எல்லாத்தையும் சொன்னன். அவர் முதல்ல, ரமோன் இன்னும் உயிரோடையோ எண்டு கேட்டார். விழாவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"கை?"

"போடச் சொல்லிட்டார். 'ஓம், கைதான் பட்டது. ஆனா என்ரை கைதானே!' எண்டார்."

அன்று வேலையால் வந்ததும் எங்கள் ஊர்க் கழகத்துக்கு ஒரு ஈமெயில் எழுதினேன்: "மலரில் பின்வரிசையில் மூன்றாவதாக நிற்பது நான். அந்த வருடம் இறுதியாட்டத்தில் சேம் சைட் கோல் போட்டதும் நானேதான். அடுத்த பதிப்பில் இரண்டையும் போடவும்."