நொயெமியின் மூன்றாவது வகுப்பு

நொயெமி பரகாஸ் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது கல்லூரி டீன் அலுவலகத்திலிருந்து டார்லா கூப்பிட்டாள். நல்ல செய்தி என்றால் டார்லா மின்னஞ்சலில் அனுப்பிவிடுவாள். போனில் கூப்பிட்டால் கெட்ட செய்தி.

"நொயெமி, கண்ணு, கார் ஓட்டிட்டு இருக்கியா?"

"இல்ல, நின்னுட்டுதான் இருக்கேன். சொல்லு."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலக் கிளாஸை உன்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. நீ அளவுக்கு மேல போயிட்டியாம்."

"எந்த அளவு? எப்பவும் எடுக்கற மூணு கிளாஸ்தானே எடுக்கறேன்?"

"மூணு கிளாஸ். அப்புறம் ஆசிரியர் சங்க வேலை. அதையும் ஒரு கிளாஸா எண்ணறாங்க. ஆக நாலு. பகுதிநேர ஆளுக்கு மூணுதான்." டார்லா குரலைத் தாழ்த்தினாள். "நான் எண்ணலை கண்ணு. மேல எண்ணறாங்க."

பெட்ரோல் குழாய் டக்கென்று நின்றது. நொயெமி அதைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பின்னால் காத்திருந்த லாரிக்காரர் ஒலிப்பானை அடித்த பிறகுதான் நகர்ந்தாள்.

ரியோ செகோ சமுதாயக் கல்லூரியில் மூன்று வகுப்பு, ஒரு மணி நேரம் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கும் இன்னொரு கல்லூரியில் இரண்டு. எல்லாமே கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள். மொத்தம் ஐந்து என்பது ஒரு முழுநேர ஆசிரியரின் வேலை. ஆனால் இரண்டு கல்லூரியும் அவளைப் பாதி ஆளாகத்தான் வைத்திருந்தன. உங்கள் அறை எங்கே என்று மாணவர்கள் கேட்டால் வாகன நிறுத்தத்தைக் காட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருத்தாத கட்டுரைகள், மாற்றுச் செருப்பு, மதியச் சாப்பாடு எல்லாம் காரின் பின்னிருக்கையில்தான் இருந்தன.

அவளுடைய அப்பா எல்பிடியோ தக்காளி லாரி ஓட்டுகிறார். அம்மா எல்வீராவுக்குப் பீச் பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை. பழம் வந்தால் ஆலையிலிருந்து கூப்பிடுவார்கள், பழம் முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகள் படித்துவிட்டால் இப்படிக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. குடும்பத்தில் முதல் பட்டம் நொயெமியுடையது, இரண்டாவது பட்டமும் அவளுடையதே. இப்போது ஒவ்வொரு ஆகஸ்டிலும் அம்மா சோபாவில் போனை மடியில் வைத்துக்கொண்டு ஆலையின் அழைப்புக்குக் காத்திருக்கிறாள், மகள் சமையலறை மேசையில் டீனின் அழைப்புக்குக் காத்திருக்கிறாள். பெரும்பாலும் அம்மாவின் போன்தான் முதலில் அடிக்கும்.

இதை மாற்றத்தான் அவள் சங்கத்துக்குப் போனாள். புதிய ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை ஒரு வருஷத்துக்கும் மேலாக இழுத்துக்கொண்டிருந்தது. அதில் அவள் கொண்டுவந்த விதி ஒன்று இருந்தது. ஒரு பகுதிநேர ஆசிரியர் ஆறு செமஸ்டர் இடைவிடாமல் மூன்று வகுப்பு எடுத்திருந்தால், அடுத்த முறை அந்த மூன்றும் முதலில் அவருக்கே. நடுவில் ஒரு வகுப்பு குறைந்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நொயெமி ஐந்து செமஸ்டர் முடித்திருந்தாள். வரப்போவது ஆறாவது.

பேச்சுவார்த்தை மேசையில் பகுதிநேர ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு நாற்காலி. முன்பெல்லாம் அதில் உட்கார்ந்தவர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் களைத்துப்போய் ஓடினார்கள். அதனால் இந்தக் கோடையில்தான் சங்கம் போராடி, அந்த நாற்காலிக்கு ஒரு வகுப்புக்கு நிகரான சம்பளத்தை வாங்கியது. அப்படிச் சம்பளம் பெற்ற முதல் ஆள் நொயெமி. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சம்பளத்தை இன்னொரு வகுப்பாகக் கணக்கில் ஏற்றுவார்கள் என்று மேசையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. பகுதிநேர ஆசிரியர்களின் வகுப்பைக் காப்பாற்றப் போய் அவள் தன் வகுப்பைத் தொலைத்திருந்தாள்.

டீன் லோரேன் ஒகுரா நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தார். அவர் எப்போதுமே மரியாதையானவர். அதுதான் நொயெமிக்கு எரிச்சல். ஒரு தடவையாவது கத்தினால் திருப்பிக் கத்தலாம்.

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு, நொயெமி. ஆனா அளவுன்னா அளவுதான்."

"சங்க வேலை எப்படிங்க கிளாஸ் ஆகும்? அதுல மாணவர்களே இல்லையே."

"சம்பளம் இருக்கு இல்லையா? சம்பளம் இருந்தா வேலை. வேலைன்னா அளவுல சேரும்."

"அப்ப அந்தச் சம்பளம் எனக்கு வேண்டாம்."

"நீங்க வேண்டாம்னா போதாது. அது சங்கத்துக்குக் கொடுத்த நேரம். சங்கத் தலைவர் ஒரு வரி அனுப்பணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா கிளாஸைத் திருப்பித் தரேன். இப்போதைக்கு ஒரு முழுநேர ஆசிரியர் கூடுதலா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"யாரு?"

"அதை நான் சொல்றது சரியில்ல."

கடைசிப் பேச்சுவார்த்தை வியாழக்கிழமை. சங்கத் தலைவர் கிளென் ஹேவர்காம்ப் வரலாறு நடத்துபவர், முழுநேரம், இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். அவருக்குப் போன் செய்தால், செமஸ்டர் தொடங்கும்வரை ஒப்பந்தப்படி தான் பணியில் இல்லை என்று அவருடைய குரலே பதிவிலிருந்து சொன்னது. மின்னஞ்சலுக்கும் அதே பதில். கோடையில் அவர் அணைக்கட்டு ஏரியில் படகோடுதான் இருப்பார் என்பது கல்லூரி முழுக்கத் தெரியும்.

நொயெமி மறுநாள் கிளம்பினாள். காட்டுத்தீப் புகையில் மலை தெரியவில்லை. குளிர்சாதனத்தைப் போட்டால் கார் மேட்டில் ஏறாது, போடாவிட்டால் புகை உள்ளே வரும். ஒரு வகுப்புக்காக இவ்வளவு தூரம் போகிறோமே, இதைத் தன்மானம் உள்ளவள் செய்வாளா என்று ஒரு வளைவில் தோன்றியது. செய்யாமல் வீட்டில் இருப்பவளுக்கு மட்டும் தன்மானம் இருக்குமா என்று அடுத்த வளைவில் தோன்றியது.

படகுத்துறையில் கிளென் அரைக்கால் சட்டையோடு அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்.

"அட, நொயெமி. வா, வா. பர்கர் சாப்பிடறியா?"

"என் செவ்வாய்க்கிழமைக் கிளாஸ் போச்சு, கிளென்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. கிளெனுக்கு அநியாயம் என்றால் நிஜமாகவே ஆகாது. ஆனால் அது நடக்கும்போது அவர் கொஞ்சம் இளமையாகிவிடுவதும் உண்மை.

"இது அப்பட்டமான ஒப்பந்த மீறல். புகார் போடுவோம். கட்டாயம் ஜெயிப்போம்."

"எப்போ?"

"விசாரணை வசந்த காலத்துல வரும். அப்புறம் நடுவர்கிட்டப் போகும். ஒரு ஒன்றரை வருஷம்."

"எனக்கு அடுத்த வாரம் கிளாஸ்."

"இது பெரிய முன்னுதாரணமா இருக்கும்."

"நான் முன்னுதாரணமா இருக்க வரலை. எனக்கு சங்கச் சம்பளம் வேண்டாம்னு டீனுக்கு ஒரு வரி அனுப்புங்க. வியாழக்கிழமை நான் சும்மா வந்து உக்காந்துக்கறேன்."

கிளென் கரண்டியைக் கீழே வைத்தார். "அதுக்காக மூணு ஒப்பந்தமா மோதியிருக்கேன். சங்க வேலையை யாரும் சும்மா செய்யக் கூடாது. ஒரு தடவை சும்மா செஞ்சா, அப்புறம் எப்பவும் சும்மாதான்."

"நீங்க சொல்றது சரிதான். ஆனா அந்தக் கொள்கைக்கு விலை என் கிளாஸ். உங்க கிளாஸ் இல்ல."

அவர் அடுப்பைப் பார்த்தார். இறைச்சி கருகத் தொடங்கியது. "எந்தக் கிளாஸ்னு சொன்னே?"

"செவ்வாய் சாயங்காலம். முதலாண்டுக் கட்டுரை."

"ஐயோ," என்றார் மெதுவாக. "போன வாரம் ஒகுரா கூப்பிட்டா. ஒரு கட்டுரைக் கிளாஸ் ஆளில்லாம கிடக்கு, நீதான் அதையும் நடத்துவியே, எடுத்துக்கறியான்னு கேட்டா. உதவிதானேன்னு சரின்னுட்டேன். அது உன்னோடதுன்னு எனக்குத் தெரியாது."

"உங்க போன்தான் அணைச்சு வச்சிருக்கே."

"வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டா."

"டீன்கிட்ட உங்க வீட்டு நம்பர் இருக்கு. உங்க குழுவுல இருக்கற என்கிட்ட இல்ல."

கிளென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"சொன்னா அடுத்த முழுநேரக்காரருக்குப் போகும்."

"அப்ப இப்படிச் செய்வோம். நானே வச்சுக்கறேன். ரெண்டாவது வாரத்துல முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு லீவு போடறேன். நீ எனக்குப் பதிலா வந்து எடு. மாற்று ஆசிரியர் வேலை அளவுல சேராது. எல்லாரும் செய்யறதுதான்."

"அதை என்னோட ஆறாவது செமஸ்டரா எண்ணுவாங்களா?"

"எண்ண மாட்டாங்க."

"அப்புறம் உங்க முதுகை வச்சு நான் என்ன பண்றது?"

அதற்கு அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அவளோடு ஏறினார். இரண்டு கட்டைவிரலாலும் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒரு வரிதான், கிளென்."

"எதிர்ப்பைப் பதிவு பண்ண வேண்டாமா?"

எதிர்ப்பு மூன்று பத்தி வந்தது. கடைசியில்தான் அந்த ஒரு வரி இருந்தது. அவர் அனுப்புவதைப் பார்த்த பிறகே அவள் காருக்குப் போனாள். கருகிய பர்கர் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பசித்ததால் வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை டார்லா மின்னஞ்சல் அனுப்பினாள். வகுப்பு திரும்பி வந்துவிட்டது.

வியாழக்கிழமை நொயெமி தன் வழக்கமான நாற்காலியில் பையை வைத்தாள். எதிரே கல்லூரியின் வக்கீல் டகெட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மன்னிக்கணும். பரகாஸ் இப்ப குழுவுல இல்லைன்னு எனக்குத் தகவல். சங்க நேரத்தை விட்டுட்டாங்க. பார்வையாளரா இருக்கலாம். மேசையில பேச முடியாது."

கிளென் எழுந்தார். "இது அக்கிரமம்."

"அடிப்படை விதிகள்ல நீங்களே ஒத்துக்கிட்டதுதான், கிளென். சம்பளம் வாங்கறவங்கதான் குழு. அந்த விதியை உங்க தரப்புதான் கேட்டு வாங்கிச்சு."

நொயெமி பையை எடுத்துக்கொண்டு, காபி பாத்திரத்துக்குப் பக்கத்தில் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். கிளெனோடு இருந்தவர்கள் கணக்கு வாத்தியார் ஒருவரும் நூலகர் வில்மா ஸ்டெக்கும். எல்லோரும் முழுநேரம். காலையெல்லாம் வேறு எதெதையோ பேசினார்கள். அவளுடைய விதி மதியத்துக்குப் பிறகுதான் வந்தது.

"முன்னுரிமைக்கு நாங்க தயார்," என்றார் டகெட். "ஆறு செமஸ்டரைப் பத்தாக்கினா இப்பவே முடிச்சுடலாம்."

கிளென் களைத்திருந்தார். கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "பத்து. ம்ம். பத்துன்னா..."

அந்த 'ம்ம்' நொயெமிக்குத் தெரியும். விட்டுக்கொடுக்கும்போது அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். பத்து செமஸ்டர் ஒரே கல்லூரியில் தாக்குப்பிடித்த பகுதிநேர ஆசிரியரை அவள் பார்த்ததே இல்லை. வாயைத் திறக்க முடியாது. அவரையே பார்த்தாள். அவரும் பார்த்தார். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"இடைவேளை," என்றார் கிளென்.

இடைவேளை எந்தத் தரப்பும் எப்போதும் கேட்கலாம். எத்தனை தடவை என்று கணக்கில்லை. நடைபாதையில் யார் பேசலாம் என்பதற்கும் விதி கிடையாது. குளிர்பான இயந்திரத்துக்கு முன்னால் நொயெமி அவ்வளவு நேரம் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டினாள். திரும்பிப் போய் கிளென் அதை ஏறக்குறைய அப்படியே சொன்னார். டகெட் அடுத்ததை எடுத்தார். ஆறு செமஸ்டர் சரி, ஆனால் வரப்போகும் இலையுதிர் கால செமஸ்டரிலிருந்துதான் எண்ணவேண்டும், பழையது சேராது.

கிளென் சுவரோரம் பார்த்தார். "இடைவேளை."

"இப்பத்தானே உக்காந்தோம்?"

"முதுகு பிடிக்குது," என்றார் கிளென்.

நடைபாதையில் இந்த முறை நொயெமி யோசித்தாள். இது நேரே அவளைத் தாக்கும் வரி. இதை வேண்டாம் என்றால் யாருக்காகச் சொல்கிறாள்? எல்லோருக்காகவா, தன்னுடைய ஐந்து செமஸ்டருக்காகவா? ஒரு வருஷமாகத் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் தள்ளிவைத்த கேள்வி அது.

"இதுல எனக்குச் சொந்த லாபம் இருக்கு," என்றாள். "அதனால நான் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க."

"இருக்கட்டுமே," என்றாள் வில்மா. "பத்து செமஸ்டர்னதும் எனக்கு ஒண்ணும் உறைக்கலை. உனக்குத்தான் உறைச்சுது. லாபம் இல்லாத நாங்க உள்ள உக்காந்து என்ன கிழிச்சோம்? பழசை விட்டா வேற யாருக்கெல்லாம் நஷ்டம், சொல்லு."

வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் ஆள், குழந்தை வளர்ப்பு வகுப்பு நடத்தும் இரண்டு பெண்கள், இரவு வேலை முடித்து நேரே உயிரியல் ஆய்வகத்துக்கு வரும் செவிலியர் என்று நொயெமி ஒவ்வொருவராகச் சொன்னாள். கணக்கு வாத்தியாருக்கு அதில் ஒருவரைக்கூடத் தெரியவில்லை. "இவங்க எல்லாம் நம்ம காலேஜா?" என்றார்.

"நம்ம காலேஜ்தான். நீங்க கிளம்பினப்புறம் வருவாங்க."

உள்ளே போனார்கள். வெளியே வந்தார்கள். மறுபடி உள்ளே போனார்கள். ஒரு தடவை டகெட் கிளெனிடம் கேட்காமல் நேராகச் சுவரோரம் திரும்பி, "இதுக்கும் எழுந்திருக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். பார்வையாளர் பேசக் கூடாது என்பதால் நொயெமி பதில் சொல்லவில்லை. கிளென் எழுந்தார்.

மேசையில் இருந்த பிஸ்கட் தீர்ந்தது. டகெட் பேனாவைத் தூக்கிப் போட்டார்.

"ஆறு. பழசும் சேரும். தயவுசெய்து இனி யாரும் எழுந்திருக்காதீங்க."

விதி அச்சாகி வந்தது. இரண்டு தரப்பும் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்கள். டகெட், கிளென், வில்மா, கணக்கு வாத்தியார். நொயெமி எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் போட முடியாது.

வாகன நிறுத்தத்தில் கிளென் பின்னாலேயே வந்தார். "அந்தச் சங்க நேரம் விஷயத்துக்குப் புகார் போடப்போறேன். அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குள்ள சரி பண்ணிடலாம்."

"பண்ணுங்க. அடுத்த தடவை நான் வரலை. வேற ஆளைப் பாருங்க."

"பார்க்கறேன்." இரண்டடி நடந்து திரும்பினார். "யாரைப் பார்க்கறது?"

நொயெமி வெல்டிங் ஆளை நினைத்தாள். அவருக்கு மூன்று கல்லூரி. செவிலியர் தூங்குவதே கிடையாது. குழந்தை வளர்ப்புக்காரிகளின் போன் நம்பர்கூட அவளிடம் இல்லை. கார் கதவைத் திறந்து, பின்னிருக்கையில் பையைப் போட இடம் தேடினாள்.

"உங்க வீட்டு நம்பரைக் கொடுங்க," என்றாள்.